தனிக் கப்

திருப்பூரில் வெறுப்புக்கு எதிராக ரேணுகா வீட்டில் வாராவாரம் கூட்டம் நடக்கும். வடக்கத்தியாரை விரட்டக் கிளம்பிய கட்சிக்காரர்கள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்த திகந்தாவின் அறையைக் கொளுத்தியிருந்தார்கள். அதனால் இந்த வாரம் அவரையே பேச அழைத்திருந்தாள். வீட்டில் யார் எங்கிருந்து பேசினாலும் மற்றவர்களுக்கு அவரவர் மொழியில் கேட்கவைக்கும் கருவி எல்லோர் காதிலும் இருந்தது.

டீ ஊற்றிய கணவனிடம் அடுக்களையில் மெல்லச் சொன்னாள்: “அவருக்கு மட்டும் பேப்பர் கப்புல குடுங்க. நம்ம டம்ளர் வேண்டாம்.”

திகந்தா பேசப் பேச அவள் கண் கலங்கியது. முடிந்ததும் அவர் காலிக் கப்பைச் சட்டைப்பையில் வைத்தார்.

“குடுங்க தம்பி, குப்பைல போட்டுடறேன்.”

“இருக்கட்டுங்க அக்கா. குப்பைத்தொட்டியும் எனக்குத் தனியா இருக்குமோன்னுதான்...”

ரேணுகாவின் கை தன் காதுக்கருவியைத் தொட்டது. உள்ளே கணவன் டம்ளர் கழுவும் சத்தம் எல்லோர் கருவியிலும் கேட்டுக்கொண்டிருந்தது.