ஸில்பாவின் நாற்காலி

கோரையின் கடைசி முனையை இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு ஸில்பா நிமிர்ந்தாள். நாற்காலி முடிந்துவிட்டது!

"ஏங்க, ஓடி வாங்க!"

வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த அவள் கணவன் குவாமினோ கோடரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

மேப்பிள் மரத்தில் கால்களைக் கடைந்தது அவன். ஆற்றங்கரைச் சதுப்பில் கோரை அறுத்து, உலர்த்தி, நனைத்து, முறுக்கிப் பின்னியது அவள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அந்த ஒற்றை அறை வீட்டுக்கு வந்த முதல் நாற்காலி அதுதான்.

இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"நீங்க முதல்ல உட்காருங்க."

"நான் உட்கார்ந்து உடைஞ்சா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவ. நீ உட்காரு புள்ள!"

ஸில்பா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தாள்.

கோரை கிறீச்சிட்டது. தாங்கியது.

முதுகைச் சாய்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது வயதுக்காரி சின்னப் பெண்ணைப்போல இரண்டு கால்களையும் தூக்கி ஆட்டினாள். குவாமினோ கைதட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டான்.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது.

மிஸஸ் ஹார்லோ கையுறையைக் கழற்றியபடி உள்ளே வந்தார்.

ஸில்பாவின் முழங்கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. இருக்கையின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போனதுலேர்ந்து ஒரு நாள்கூட ரொட்டி சரியா வரல, ஸில்பா. திரும்பி வந்துடு. இனிமே கூலி தர்றேன்."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் காத்திருந்தார். பதிலுக்காக மட்டுமல்ல, அவள் எழுந்திருப்பதற்காகவும்.

குவாமினோ மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியையே பார்த்தான்.

"வரலைம்மா," என்றாள் ஸில்பா. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

மிஸஸ் ஹார்லோவின் முகம் சிவந்தது. கையுறையை மாட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்.

வண்டிச் சத்தம் தேயும்வரை பொறுத்திருந்த குவாமினோ துள்ளிக் குதித்தான்.

"எழுந்திரு, எழுந்திரு! இப்போ என் முறை!"

"மாட்டேன், போங்க!"

மிஸஸ் ஹார்லோவின் கூடத்தில் இதேபோன்ற நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். போன வருடம் நீதிபதி அவளுக்கு விடுதலை என்று சொல்லும்வரை, அவற்றைப் போலவே ஸில்பாவும் அந்த அம்மாளின் சொத்தாகத்தான் இருந்தாள்.