யாருடைய பை

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பிறகு கால்சட்டைப் பைக்கு. பிறகு மறுபடியும் மார்புக்கு.

தோளில் வார் மட்டும் தொங்கியது. பையை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அவர் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர்கள் இறங்கிய ரயில் கதவை மூடிக்கொண்டு கிளம்பியது. ஏதென்ஸின் நிலத்தடி நிலையத்தில் காலைக் கூட்டம் இருவரையும் விலக்கிக்கொண்டு படியேறியது.

ஏறும்போது பெட்டியைத் தூக்கிவிட்டவர்கள் இரண்டு பேர். நல்ல உடுப்பு. சிரித்த முகம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்கள். அதற்குள் அவர் நன்றி சொல்லிக் கைகூடக் குலுக்கியிருந்தார்.

பையில் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. இரண்டு ஃபோனும்.

அவளுடையதை அவளே வைத்துக்கொள்வதாகத்தான் சொன்னாள். கோயம்புத்தூர் விமான நிலையத்தில், வரிசையில் நிற்கும்போது.

நீ தொலைச்சுருவ என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழந்தைவேல் பவானியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தொலைத்ததில்லை. தொலைப்பவர்களை மன்னித்ததும் இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் திருச்செந்தூர்க் கடலில் அவளுடைய ஒற்றைத் தோடு போனது. ஊர் வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேசினார். கல்யாண வீடுகளில், பந்திக்குக் காத்திருக்கும்போது, எல்லோரும் சிரிக்கிற மாதிரி.

அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்போதெல்லாம் மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்வாள். பதினோரு வருடத்துப் பதில்கள். இப்போது தேடிப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தன.



அவர் கை இன்னொரு முறை சட்டைப்பைக்குப் போனது.

"உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அவள்தான் போய் நின்றாள். போலீஸ் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அந்தப் பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருமுனை வரைக்கும் கூடவே வந்து வழி காட்டினாள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர். அவசரப்படாமல் கேட்டார். யாரிடமாவது பேச வேண்டுமா என்று மேஜை மேலிருந்த தொலைபேசியை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் பேச வேண்டும். இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவன் அவன்தான்.

குழந்தைவேல் ரிசீவரை எடுத்தார். பிறகு அப்படியே நின்றார். எண் ஃபோனில் இருந்தது. ஃபோன் பையில் இருந்தது.

அவள் எண்களை அழுத்தினாள். எங்கும் தயங்கவில்லை.

அவர் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டியைத் தூக்கியது, ரயில், அறுந்த வார். அந்தப் பக்கம் நவநீதன் ஏதோ கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்கம்மாகிட்டத்தான் இருந்துச்சு," என்றார்.

அறுந்த வார் இன்னும் அவர் தோளிலேயே கிடந்தது.

அவள் அசையவில்லை. பெண் காவலருக்குத் தமிழ் தெரியாது. அது ஒன்றுதான் நல்லதாக இருந்தது.

உன்னிடம் பேச வேண்டுமாம் என்று ரிசீவரை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, அழுவாதீங்க. வெளியூரு வந்தா யாருக்கு வேணா நடக்கும். இங்க என்னோட ஃபோனையே ரெண்டு தடவ அடிச்சுட்டுப் போயிட்டானுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்கம்மா. மனசுல போட்டுக்காதீங்க."

அவள் அழவில்லை. கடைசிவரை கேட்டாள்.

இப்படி யாரும் தன்னிடம் சொல்லிக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

ஆனால் அது அவளுக்குத் தேவைப்பட்ட நாள் இதுவல்ல.

"நவநீதா, இப்பச் சொன்னியே. அத அப்படியே உங்கப்பாகிட்டயும் ஒருக்கா சொல்லு."

அப்பாகிட்டயா என்று கேட்டான்.

பிறகு, அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான்.

குழந்தைவேல் ரிசீவரைக் காதில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். கேட்டார். நின்றுகொண்டிருந்தவர் பக்கத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ம்," என்றார்.

வெகுநேரம் கழித்து இன்னொரு முறை, "ம்."

ரிசீவரை இரண்டு கைகளாலும் வைத்தார்.

பெண் காவலர் படிவத்தை இழுத்துக்கொண்டார். பேனாவைத் தட்டினார். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். பை யாரிடம் இருந்தது?

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

தெருவோரம் வரிசையாக ஆரஞ்சு மரங்கள். பழங்கள் நடைபாதையில் விழுந்து கிடந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. எதிர்க் கடைக்காரர் படியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

பின்னால் அவர் குரல் கேட்டது. ஒரே ஒரு சொல்.

பெண் காவலருக்கு அது விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அவர் மறுபடியும் சொன்னார். இந்தமுறை கொஞ்சம் உரக்க, தன்னிடம்தான் என்று.

பேனா எழுதத் தொடங்கியது.

அவள் உடனே திரும்பவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.