ஆற்றங்கரைக் காப்பு

மார்ச் மாதக் குளிர் ஆற்றில் இடுப்பளவு இறங்கி, சுகிர்தா இறகால் செய்த பொய் ஈ கட்டிய தூண்டிலை வீசினாள். ஒரே ஒரு ஸ்டீல்ஹெட் மீனைக் கரையேற்றினாலே அன்றைய மீன்பிடி அனுமதி முடிந்துவிடும்; பிறகு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மீன் கடித்தது. வீட்டிலிருந்த கணவர் பரராஜசிங்கம் உடனே கைபேசியில் அழைத்தார். ஒருவர் மனநிலையை மற்றவருக்கு நிறத்தால் காட்டும் மின்னணுக் காப்பு இருவர் கையிலும் இருந்தது.

“இஞ்சேரும், மீன் கடிக்க உமக்குக் கவலை கூடினதெண்டு காட்டுது?”

“குளிரப்பா.”

“குளிருக்கு வேற நிறம். வீட்ட வர விருப்பமில்லையோ?”

அவள் நூலைத் தளர விட்டாள்.

“சரி, நூலை அறுத்து மீனை விட்டிட்டு, அவசரமில்லை, ஆறுதலா வாரும்.”

நன்றியோடு காப்பைப் பார்த்தாள். அதில் அவருடைய மகிழ்ச்சி உச்சத்தில் மின்னியது.

“ஐயோ, இப்ப என்னத்துக்குக் கோவம்?” என்றார் அவர்.