ராசாவின் சாயல்

"அந்த இளவரசன் ராசாவுக்குப் பொறந்தவன்தான் எண்டு எழுதச் சொல்லுங்க தம்பி. வேற ஒண்டும் நான் கேக்கல்ல."

முகைதீன்பாவா இப்படிச் சொன்னதும் அச்சகத்துப் பளீலுக்குச் சிரிப்பதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை. அவன் நடத்துவது மாதம் ஒருமுறை வரும் சின்னப் பத்திரிகை. அதில் 'வெண்மணலான்' என்ற புனைபெயரில் யாரோ எழுதும் மாயாஜாலத் தொடர்கதை கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதற்காகப் புடவைக் கடை முதலாளி ஒருவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கடையைத் திறக்காமல் ஓடி வருவார் என்று அவன் நினைத்ததில்லை.

போன இதழ் முடிந்த இடம்தான் வினை. சூனியக்காரி ராசசபையில் எழுந்து நிற்கிறாள். ராசாவுக்குச் சப்பை மூக்கு, இளவரசனுக்குக் கூர்மூக்கு. ராசா கட்டை, மகன் நெட்டை. அப்படியென்றால் இவன் யார் பிள்ளை என்று கேட்கிறாள். ராசா வாயடைத்து நிற்கிறார். அதோடு 'தொடரும்' போட்டாகிவிட்டது.

"ராசா சரியான மடையன்தான்," என்றார் முகைதீன்பாவா. "கிரீடத்தத் தலையில வெச்சிக்கிட்டு அரமனை முழுக்கத் தேடுறான். மீசை மொளச்ச மகனுக்கு இன்னமும் மீன்ல முள் எடுத்துக் குடுக்கான். ஆனா நல்லவன் தம்பி. அவன இப்பிடி நாலு பேருக்கு முன்னால நிப்பாட்டப்படாது."

கதைதானே, இதற்கு ஏன் மனதைப் போட்டு அலட்டிக்கொள்கிறீர்கள் என்று பளீல் சமாதானம் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. எழுத்துக் கோப்பவர்கள் சாப்பிடப் போய்விட்டார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாக யாருக்கும் சொல்லாததைச் சொன்னார்.

அவருடைய ஒரே மகன் காலிதீன் அவருக்குப் பிறந்தவன் அல்ல. மனைவி பாத்தும்மாவின் தங்கை பிள்ளை. அந்தத் தங்கை பொத்துவிலில் பிரசவத்தோடு உயிர் பிரிந்து மௌத்தானாள். அவளுடைய மாப்பிள்ளை அதற்கு இரண்டு மாதம் முந்தியே கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. நாற்பதாம் நாள் கழிந்ததும், மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருக்கும் ஊர் வழக்கத்தையும் மீறி, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முகைதீன்பாவா கல்முனைக்கு வந்துவிட்டார்.

இங்கே யாரும் துருவிக் கேட்கவில்லை. குடி என்ற வம்சப் பெயர் தாய்வழியில் வருவது. அக்காவின் குடியும் தங்கையின் குடியும் ஒன்றுதானே. பள்ளிவாசலில் பிள்ளை என்ன குடி என்று கேட்டபோதெல்லாம் அவர் பொய் சொல்ல வேண்டியே வரவில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை மட்டும் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டகத்தின் அடியில் வைத்துவிட்டார். ஆனால் முகத்தை எந்தப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது? வளர வளர, மகனுக்குப் பெற்றவனின் மூக்கும் உயரமும் அப்படியே வந்து நின்றன.

"இந்தக் கதய மாசாமாசம் எனக்கு வாசிச்சிக் காட்டுறவனே அவன்தான்," என்றார். "போன முற அந்த மூக்குக் கத வந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டு என்ட முகத்தப் பாத்தான். அடுத்தத அவன்ட வாயால எப்பிடித் தம்பி நான் கேக்குற?"

மகன் என்றால் அவருக்கு உயிர். கடைக்கு 'எழில்' என்று பெயர்ப்பலகை எழுதியவனும் அவன்தான். ழகரத்தின் வாலைத் தூண்டில் முள்ளைப் போல வளைத்து விட்டிருந்தான். ஊர் முழுக்கக் கேலி செய்தும் அதைத் திருத்தி எழுத அவர் விடவில்லை.

பளீலுக்கு மனம் இளகிவிட்டது. எழுதுகிறவர் யாரென்று தனக்கும் தெரியாது, கையால் எழுதிய கதை தபாலில்தான் வருகிறது என்றான். அடுத்த இதழுக்கானது நேற்றுத்தான் வந்ததாம். அவன் இன்னும் உறையைக்கூடப் பிரிக்கவில்லையாம். பிரித்து அவரிடமே கொடுத்தான்.

முகைதீன்பாவா சட்டைப் பையைத் தடவினார். மேசையில் தேடினார். குனிந்து முக்காலிக்குக் கீழும் பார்த்தார்.

"கண்ணாடி நெத்தியில இரிக்கி காக்கா," என்றான் பளீல்.

அவர் அதை இறக்கிவிட்டுக்கொண்டு, பயந்து பயந்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

'இளவரசன் சபையின் நடுவில் வந்து நின்றான். "ராசா பட்டில் சுற்றி ஒளித்து வைத்த ஓலையைப் பன்னிரண்டு வயதிலேயே பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. இந்த மூக்கு என்னைப் பெற்றவருடையது. மற்றதெல்லாம் இவருடையது. எழுபிறப்பு வந்தாலும் இவர்தான் என் வாப்பா" என்றான்.'

ராசகுமாரன் ஒருவன் தகப்பனை வாப்பா என்று அழைப்பது பளீலுக்கே வேடிக்கையாக இருந்தது. இந்த இடத்தை மாற்றி எழுதச் சொல்லிக் கடிதம் போடவா என்று கேட்டான்.

முகைதீன்பாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஒரு எழுத்தும் மாத்தப்படாது தம்பி. அந்த மடையன் ராசா இத மகன்ட வாயாலயே கேக்கட்டும்."

அவருடைய விரல் 'எழுபிறப்பு' என்ற சொல்லின் மேல் நின்றது. அங்கே ழகரத்தின் வால், அவர் கடைப் பெயர்ப்பலகையில் இருப்பதைப் போலவே, தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது.