செம்பனைக் காட்டில் நின்ற வேன்

ஷாமினியின் கல்யாணத்தைக் கெடுத்தது தான்தான் என்பதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பவித்ரனுக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கையில் கொடுத்த மைலோ ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது.

முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவர் ஷாமினியின் அப்பா மகேந்திரன். குடியிருப்பாளர் சங்கத் தலைவரும் அவர்தான். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஜனங்களுக்குக் கட்டிக்கொடுத்த இந்த அடுக்குமாடிக்கு, மூன்று வருஷம் மனு மேல் மனு போட்டு, அரசாங்க மானியத்தில் ஒரு மின்சார வேனும் ஒரு சார்ஜரும் வாங்கி வந்தவர்.

"நாளைக்கு மானிய ஆபீஸ்லேருந்து ஆள் வாராங்க," என்றார். "வேன் பாதி வழியில நின்னதுக்குக் காரணம் எழுதிக் கொடுக்கணும். சார்ஜ் போட மறந்தது ரோய்ஸ்டன். அவர வேலைய விட்டு நிறுத்திட்டோம்னு எழுதுனாத்தான் சார்ஜர நம்மகிட்ட விட்டு வைப்பாங்க."

டிரைவர் ரோய்ஸ்டன் தலையைக் குனிந்தபடி பவித்ரனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இரண்டு பிள்ளைக்காரன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் பவித்ரனைக் குத்தியது.

போன வெள்ளிக்கிழமை நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஷாமினிக்கு ஈப்போவில் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் பாகான் செராயிலிருந்து வந்து, பதிவு அலுவலக வாசலில் சீர்த் தட்டோடு காத்திருந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கையெழுத்து ஆகிவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பெண் வீட்டாரோடு கிளம்பிய வேன், கைப்பேசிக்கு லைன் கிடைக்காத, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டு ரோட்டில் நின்றது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று ரோய்ஸ்டன் கையை விரித்தான். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு மகேந்திரன் மட்டும் ஈப்போ போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

"பொண்ணு பொறப்பட்ட வண்டியே நின்னுருச்சு. சகுனம் சரியில்ல. இந்தச் சம்பந்தம் வேணாம்," என்று அந்த அம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாடு டெலிவரிக்குக் கிளம்பிய பவித்ரன், வேன் வழக்கம்போல சார்ஜர் கொட்டகையில் நிற்பதைப் பார்த்தான். அங்கேயே யாரோ விஷயத்தைச் சொன்னபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது. முதல் நாள் சாயந்திரம் வேனிலிருந்து வயரைப் பிடுங்கித் தன் மின்சார மோட்டார் சைக்கிளில் சொருகியவன் அவன்தான்.

அரை மணி நேரம்தானே என்று நினைத்துச் செய்தது. ஆர்டர் வந்த அவசரத்தில் வயரைத் திரும்ப வேனில் மாட்ட மறந்துவிட்டான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஷாமினி வீட்டைத் தாண்ட வேண்டுமே என்று பின்பக்கப் படியில் ஏறி இறங்கினான்.

இனி முடியாது என்று எழுந்தான். ரோய்ஸ்டன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"சும்மா உக்காரு மச்சான். நான் பாத்துக்கிறேன் லா."

அப்படியானால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. பவித்ரன் இழுத்த கையை விலக்கிவிட்டான்.

"வயரப் பிடுங்குனது நான்தான் அங்கிள். ரோய்ஸ்டன் ஒழுங்கா சார்ஜ் போட்டுட்டுத்தான் போனாரு."

மகேந்திரன் நடந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"இந்த சார்ஜர் வேணும்னு வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்குனவன்டா நீ."

"ஆமா அங்கிள்."

"வேனுக்கு அப்புறம்தான் மத்த வண்டின்னு போர்டு எழுதி மாட்டுனதும் நீதான்."

பவித்ரன் தரையைப் பார்த்தான். அந்த போர்டில் தன் கையெழுத்து எவ்வளவு அழகு என்று அவனே நாலு பேரிடம் சொன்னவன்.

"எம்மக வாழ்க்கைடா," என்றார் மகேந்திரன். அறிக்கையில் ரோய்ஸ்டன் பெயரை அடித்துவிட்டுப் பவித்ரன் பெயரை எழுதினார். சார்ஜர் கார்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆறு மாசத்துக்கு அவன் சார்ஜர் பக்கமே வரக்கூடாது என்று தீர்ப்பு.

ஐந்தாவது மாடியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வயர் இறக்கவா முடியும்? வண்டி ஓடாவிட்டால் டெலிவரி இல்லை. இருந்தாலும் வெளியே வந்தபோது மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. இன்னும் ஒரு மன்னிப்புத்தான் பாக்கி.

அதற்கு உரியவள் படிக்கட்டு ஓரத்தில் நின்றிருந்தாள். ஷாமினியின் கண் வீங்கிச் சிவந்திருந்தது.

"மன்னிச்சிரு ஷாமினி. ஒன் மொகத்துல முழிக்கக்கூட எனக்குத் தகுதியில்ல."

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். பவித்ரனுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

"நீங்க ஏண்ணே எந்திரிச்சீங்க?" என்றாள். "ரோய்ஸ்டன் அண்ணன் எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாரு, அதான் வாயத் தொறக்கல. நான் தொறந்திருக்கணும். உள்ள வரப் பயந்துகிட்டு இங்கயே நின்னுட்டேன்."

"என்ன சத்தியம்?"

மண்டபத்துப் பக்கம் அப்பா வருகிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இந்த மாப்பிள்ள வேணாம்னு அப்பாகிட்ட மூணு தடவ சொன்னேன். அவரு காதுலயே போட்டுக்கல."

"அதுக்கு?"

"வேன்ல பாதி சார்ஜ் இருந்துச்சுண்ணே. அதுலதான் அவரு அப்புறம் கொட்டகைக்கு ஓட்டிட்டு வந்தாரு. நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்."