கையை எடுக்காமல் ஒரு படம்

கடைக்குள் நுழையும்போதே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“பைக் ஓட்டிக்கிட்டே படம் எடுக்கணும். ஹேண்டில்பார்லேர்ந்து கையை எடுக்கக் கூடாது. அப்படி ஒரு கேமரா காட்டும்மா.”

ஹெல்மெட்டில் மாட்டும் கேமரா ஒன்றை விற்பனைப் பெண் எடுத்து வைத்தாள். “ஊர் சுத்திப் பாக்கப் போறீங்களா சார்?”

“ஊரா? ஃபோனும் கையுமா வண்டி ஓட்டுறானுங்களே, அந்தத் தறுதலைங்களை எடுக்கணும்! போலீசுக்கு அனுப்பணும்! ஒருத்தனையும் விடக் கூடாது!”

அவர் மேஜையில் விட்ட குத்தில் லென்ஸ் மூடிகள் எகிறின.

“அதுக்கு உங்க ஃபோனே போதுமே சார்?”

“அதுலதான் எடுத்தேன்! நாப்பது பேரை எடுத்து, என் பேரு, விலாசம் எல்லாம் போட்டு அனுப்பினேன். ஒரே ஒருத்தனுக்குத்தான் அபராதம் போட்டிருக்கானுங்க!”

“அவனாவது மாட்டினானே. யாரு சார் அது?”

அபராத நோட்டீசை அவள் முன்னால் விசிறி எறிந்தார். அவர் அனுப்பிய படமே அதில் ஆதாரமாக இருந்தது. முன்னால் போனவனின் வண்டி எண் ஒரே மங்கல். ஓரத்தில் அவருடைய வண்டியின் பக்கக் கண்ணாடி மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

அந்தக் கண்ணாடிக்குள், ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் ஃபோனுமாக, சாட்சாத் அவரேதான்.