மருதமரக் கூட்டின் உயில்

ஏரிக்கரை மருதமரத்தில் வாழ்ந்த பெருவாயர் என்னும் கூழைக்கடா இறைவன் திருவடி சேர்ந்தார். ஈமக்கடன் முடியுமுன்னே, தாயை முன்பே இழந்திருந்த மைந்தர் இருவரும் கூட்டுக்காக அலகோடு அலகு மோதினர்.

"கூட்டைப் பற்றிய என் சொல் பனிமலைக்கு அப்பாலுள்ள ஏரியின் ஆமையிடம் இருக்கிறது" என்பதே தந்தையின் கடைசி வார்த்தை. கோடைதோறும் அவர் அங்கேதான் தனித்துத் தவமிருக்கச் செல்வார்.

"போய்க் கேட்டு வருகிறேன். அதற்குள் நீ வேறு மரம் பார்த்துக்கொள்ளடா!" என்று இளையவன் வெண்கழுத்தனிடம் சூளுரைத்துவிட்டு, மூத்தவன் நெடுஞ்சிறகன் பறந்தான்.

மலை கடந்து, சிறகு தளர்ந்து அவன் இறங்கியதும், ஆமை கண்மூடித் தந்தையின் சொல்லை அப்படியே ஒப்பித்தது: "மருதமரக் கூடு என் பிள்ளைகள் ஐவருக்கும் பொது."

"ஐவரா? நாங்கள் இருவர்தானே, தாத்தா!"

ஆமை நாணற்புதரை நோக்கிக் குரல் கொடுத்தது. "பிள்ளைகளே, உங்கள் பெரியண்ணன் வந்திருக்கிறான்!"

மூன்று இளங்கூழைக்கடாக்கள் தத்தித் தத்தி வந்தன. மூன்றின் அலகுகளும் தந்தையின் அலகைப் போலவே இடப்புறம் கோணியிருந்தன.

"அண்ணா, அப்பா குளிர்காலமெல்லாம் உங்கள் மருதமரத்தில்தானே தவமிருப்பார்?" என்றது கடைக்குட்டி. "இந்த முறை இன்னுமா முடியவில்லை?"

நெடுஞ்சிறகன் மூவரையும் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

பல நாள் கழித்து அவன் மருதமரத்துக்குத் திரும்பியபோது, வெண்கழுத்தன் கூட்டின் நடுவே சிறகை விரித்து அமர்ந்திருந்தான்.

"உயில் எங்கே?" என்று சீறினான்.

"பின்னால் பறந்து வருகிறது, தம்பி. கொஞ்சம் நகர்ந்து உட்கார்."